நார்மல் மூன்று

நீலம் இறங்க ஆரம்பித்துவிட்டது. கறுப்பு வயரையும் சிவப்பு வயரையும் சொருகி, மூடியை அழுத்தி, கம்பியோரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புவதைப் பார்த்த பிறகுதான் அங்கயற்கண்ணி முதுகை நிமிர்த்தினாள். இனி ஒரு மணி நேரத்துக்கு அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. நடப்பதெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் ஜெல்லுக்குள் நடக்கும். தலைமாட்டில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொருவர் டி.என்.ஏ.வில் ஒரு துண்டு, கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச்சாயம் கலந்து. இந்தப் பக்கம் நோயாளிகள், அந்தப் பக்கம் நார்மல்கள், கடைசிக் குழியில் யாருமே இல்லாத வெறும் தண்ணீர். மின்சாரம் பாய்ந்ததும் எல்லாத் துண்டுகளும் எதிர்க்கோடியைப் பார்த்து ஓட வேண்டும், குட்டையானது முந்தும், நீளமானது தட்டுத்தடுமாறிப் பின்தங்கும். இவ்வளவுதான் சங்கதி. இதற்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள், கர்ப்பக்கிரகத்துக்குள் நுழைகிற மாதிரி. உடன் ஆராய்ச்சி செய்யும் ரஹ்மத் நிஷா முதல் நாளே சொல்லிவிட்டாள், "இது எங்க வீட்டுக் கடப்பாசிடி, நோம்புக்கு நாங்க பால் ஊத்திக் காய்ச்சுவோம், இவங்க உப்பு ஊத்திக் காய்ச்சி யு.ஜி.சி.க்குக் கணக்குக் காட்டுறாங்க." அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இன்று அந்தக் கடப்பாசிக்குள் மூன்றாவது நார்மலின் குழியிலிருந்து ஒரு நீலத்துளி மற்றவற்றோடு சமமாக, யோக்கியமாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் வந்தது. சாயம் எதையும் சொல்லாது. சாயம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். உள்ளே யார் நீளம் யார் குட்டை என்பது விளக்கடியில் வைத்த பிறகுதான் தெரியும், அதுவரைக்கும் இந்த நீலத்தின் நடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நேற்றும் இதே நடிப்புதான். நேற்றும் நீலம் வரிசை கலையாமல் இறங்கிற்று. ஜெல்லை எடுத்து யூ.வி. விளக்கில் வைத்தபோது, நோயாளிகளுக்கெல்லாம் இரண்டிரண்டு கோடு, கீழே ஒன்று, மேலே பின்தங்கிய நீளத்துண்டு ஒன்று. முதல் நார்மலுக்குக் கீழே மட்டும். இரண்டாவது நார்மலுக்குக் கீழே மட்டும். மூன்றாவதுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. மேலே இருந்தது மங்கலாகக்கூட இல்லை, நோயாளிகளின் கோட்டுக்கு நேராக, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. பேராசிரியர் ஞானதுரை மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார், பார்த்த வேகத்தில் நிமிர்ந்தார். "கண்டாமினேஷன். பேஷண்ட் சாம்பிள் ஒரு சொட்டு இதுல விழுந்திருக்கு. கை சுத்தம் இல்லம்மா உனக்கு." அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் புகழ்பெற்ற உவமையை அவிழ்த்துவிட்டார். "கண்ட்ரோல்னா, அதான் இந்த நார்மல்னா, பத்தினி மாதிரி. அதைச் சந்தேகப்படக் கூடாது. சந்தேகம் வந்தா உன் கையைச் சந்தேகப்படு." ஆஹா. இந்த உவமைக்கு ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்காதவளாக அவள் ஒருத்தி இருந்தாள், போன வருஷம் இதே உவமைக்கு எழுந்து நின்று, "சந்தேகமே படக் கூடாதுன்னா எதுக்கு சார் அதைக் கூடவே ஓட்டிப் பாக்குறோம்" என்று கேட்டு, "உனக்கு வாய் நீளம்" என்ற பட்டத்தை வாங்கியவள். நேற்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சரி சார், ரிபீட் பண்றேன்" என்றாள். அந்தச் "சரி சார்" நேற்றிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவள், ஹாஸ்டல் சாம்பாருக்கு மல்லுக்கு நின்றவள், நூலகம் ஏன் பெண்களுக்கு மட்டும் சீக்கிரம் மூடுகிறது என்று துணைவேந்தர் அறை வாசலில் உட்கார்ந்தவள், ஒரு கோட்டைப் பார்த்ததும் "சரி சார்." ஏனென்றால் மூன்றாவது நார்மல் அவள்தான்.

அதை யாரும் அறிய வேண்டியதில்லை, அறியவும் கூடாது என்பது விதி. நார்மல் ரத்தத்தின் மேல் பெயர் எழுதக் கூடாது, நம்பர் மட்டும். அந்த ரத்தத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை, அதுதான் இந்த லேபின் சாமர்த்தியம்: புதிதாக யார் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாலும் முதல் வாரமே உட்காரவைத்துக் கையில் ஊசி போட்டு எடுத்துவிடுவது. "நம்ம பிள்ளைங்க எல்லாம் ஆரோக்கியமான பிள்ளைங்க, எதுக்கு வெளில போயி ஆள் தேடிக்கிட்டு" என்பார் ஞானதுரை. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள், மனம் உவந்து கொடுப்பதாக. முதல் வாரத்தில், கைடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, எவளுக்கு மனம் உவக்காது? அவர் கை மட்டும் ஒருநாளும் நீண்டதில்லை. "எனக்கு சுகர் இருக்கும்மா, என் ரத்தம் நார்மல் கணக்குல சேராது." சுகருக்கும் இந்த மரபணுவுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது என்று பி.எஸ்.சி. படிக்கிற பிள்ளைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதா. தெரியும். ஊசி என்றால் பயம், அல்லது அதைவிட மோசமாக, மற்றவர்களுடைய ரத்தத்தைப் பற்றிப் பேசியே பேராசிரியர் ஆனவருக்குத் தன் ரத்தம் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் பேசுவார், "மரபணு என்பது தலையெழுத்து, நேயர்களே, ஆண்டவன் எழுதியதை நாங்கள் வாசிக்கிறோம்." வாசிக்கிறாராம். முதல் வாரம் அவளும் மனம் உவந்து கை நீட்டினாள், சிறு குப்பியில் நிரம்பியதை ஆட்டிவிட்டு, நார்மல் மூன்று என்று லேபிளை ஒட்டியது அவள் கைதான். ஒட்டும்போது ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பல் கூசுகிறது. உசிலம்பட்டியிலிருந்து வந்தவளுக்கு உலகம் நார்மல் என்று ஒரு ஸ்டிக்கர் கொடுத்துவிட்டதாம்.

நீலம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிசெய்தாள், ஆள்காட்டி விரலை நீட்டிக் கொண்டுவந்து மூக்கின் நடுத்தண்டில் நேராக வைத்து, எடுத்து, மறுபடி வைத்து. டாக்டர்கள் இதைத்தான் செய்யச் சொல்வார்கள், விரலை மூக்கின் நுனிக்குக் கொண்டு வாருங்கள், இப்போது என் விரலைத் தொடுங்கள், மறுபடி மூக்கு. இந்த லேப் ஆராயும் பரம்பரைத் தள்ளாட்ட நோய் உள்ளவர்களின் விரல் மூக்கைத் தேடும், தவறவிடும், கன்னத்தில் குத்தும். அவள் விரல் தவறவில்லை. நேற்றிலிருந்து ஒருமுறையும் தவறவில்லை, தவறவில்லை என்பதால் நிம்மதியும் வரவில்லை, ஏனென்றால் அப்பாவுக்குக்கூட இந்த வயதில் தவறியிருக்காது. சற்றுமுன் குழியில் சாம்பிள் விடும்போது பிப்பெட் முனை விலகி, நீலம் ஓர் இழை தண்ணீரில் கலைந்ததே, அது என்ன? எல்லோருக்கும் விலகும். ரஹ்மத்துக்கு வாரம் ஒருமுறை விலகுகிறது, அவள் ஓர் ஊதுஊதி, திட்டி, மறுபடி விடுவாள், அதற்காக மூக்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அங்கயற்கண்ணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஜாதகம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்தவள் மூக்கு ஜோசியம் பார்க்கிறாள்.

ஆராய்ச்சியின் இரண்டாம் வருஷத் தொடக்கத்தில்தான் இந்த நோயின் வீடியோவைப் போட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரித் தாழ்வாரம், முகத்தை மறைத்த ஓர் ஆள், காலை அகட்டி அகட்டி வைத்து, சுவர்ப் பக்கம் கையைக் கொடுத்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு உடம்பு முழுவதையும் கழற்றி மாட்டுகிற மாதிரி திருப்பி. ஞானதுரை அந்த இடத்தில் நிறுத்தினார். "பாத்தீங்களா, குடிகார நடை. நான் சொல்லலப்பா, புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரையில் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்திருளாண்டி, தனியார் பஸ் கண்டக்டர், மதுரைக்கும் தேனிக்குமாக வாழ்க்கை பூராவும் போய்ப் போய் வந்தவர், ஒரு சொட்டுக் கள்கூட நாக்கில் பட்டிராதவர். ஓடுகிற பஸ்ஸில் அவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. அங்கே எல்லோரும்தானே ஆடுகிறார்கள், டாக்டர் ஆடுகிறார், வாத்தியார் ஆடுகிறார், கோழிக்கூடையோடு நிற்கிற பெண்பிள்ளை ஆடுகிறாள். அவர் காலைக் கொஞ்சம் அகட்டி, இடுப்பைச் சீட்டு விளிம்பில் கொடுத்து, இரண்டு கையையும் டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் விட்டுவிட்டு, செக்கானூரணி வளைவில்கூட அசையாமல் நிற்பார், சின்ன வயதில் அவளுக்கு உலகத்திலேயே ஸ்திரமான மனுஷர் அவர்தான். பஸ் நின்ற பிறகுதான் வினை. பஸ் ஸ்டாண்டின் அசையாத தரையில் இறங்கி நாலு எட்டு வைத்ததும் ஆடுவார். பார்த்தவர்கள், வண்டி நின்றதும் எங்கேயோ ஓரமாகப் போய் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்றார்கள். அதற்கு எங்கே நேரம், இறங்கி நாலு எட்டுத்தானே ஆயிற்று என்று ஒருவனும் யோசிக்கவில்லை. முதலாளி கூப்பிட்டு வைத்து ஊதச் சொன்னார். ஊதினார். செக்கர் மோந்து பார்த்துவிட்டு, வாசம் வரவில்லை என்றார், பிறகு தன் மூளையைக் கசக்கி, "வாசம் வராத சரக்கும் இருக்கு முதலாளி" என்றார். வேலை போயிற்று. வாசம் வந்தால் குடித்தவன், வராவிட்டால் விவரமாகக் குடித்தவன்.

அம்மா மட்டும் என்ன. ஒச்சம்மாளுக்கு ஊரார் சொல் போதாதா. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக் கக்கூஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி, போஸ்டாபீஸ் வழியாக ஒரு பொடியை வரவழைத்தாள். குழம்பில் கலந்து போட்டாள், இரண்டு வருஷம். அப்பா வாந்தி எடுத்தார். எடுக்காமல் என்ன செய்வார், அதில் என்ன மண்ணைக் கலந்திருந்தார்களோ. குடித்திருந்தால்தான் வாந்தி வரும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது, ஆகவே வாந்தி வந்தால் குடித்திருக்கிறார், குடித்திருப்பதால் இன்னும் கொஞ்சம் பொடி, இன்னும் பொடி போட்டால் இன்னும் வாந்தி. "பாத்தியாடி, இன்னைக்கும் குடிச்சிருக்காரு" என்பாள் அம்மா, வாளியைக் கழுவிக்கொண்டே, ஒருவிதமான வெற்றியோடு. அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, குழறும் நாக்கில், "இல்ல ஒச்சம்மா" என்பார். குழறல் வேறு சேர்ந்துகொண்டது, குடிகாரனுக்கு வேறு எப்படிப் பேச்சு வரும்? கெட்டிக்காரத்தனமான தர்க்கம், உள்ளே போனவன் வெளியே வரவே முடியாது. ஞானதுரை நேற்று சொன்னதும் அச்சு அசல் இதே தர்க்கம்தான். நார்மல் நார்மலாகத்தான் இருக்கும், இல்லையென்றால் கை அசுத்தம். ஒருத்தி குழம்பில் பொடி போட்டாள், இவர் பிஎச்.டி. போட்டிருக்கிறார், மற்றபடி வித்தியாசம் என்ன? மொட்டைமாடிப் படியில் அப்பா விழுந்து இறந்தபோது அவள் எம்.எஸ்.சி. கடைசிப் பரீட்சையில் இருந்தாள். துஷ்டிக்கு வந்தவர்கள் அவள் காது கேட்கவே சொன்னார்கள், குடிச்சிட்டு ஏறுனா இப்படித்தான். எரித்தார்கள். அந்த ரத்தம் ஆவியாகப் போயிற்று. ஒரு சொட்டை எடுத்துவைக்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தெரியும், அவளுக்கே தெரியாது. இப்போது முத்திருளாண்டியின் ரத்தம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதில் பாதிதான் இருக்கிறது, அதற்கு நார்மல் என்று லேபிள் ஒட்டியாயிற்று.

"என்னடி அங்கை, ஜெல்லு ஓடுறதையே பாத்துக்கிட்டு நிக்கிற. மாப்பிள்ளை ஊர்கோலமா போகுது அதுக்குள்ள?" ரஹ்மத் கையில் இரண்டு டீயோடு வாசலிலேயே நின்றாள், உள்ளே டீ கொண்டுவரக் கூடாது.

"போடி."

"டீ ஆறுது. வந்து குடி. நீ முறைச்சா அது வேகமா ஓடாது."

"வேணாம்."

"நேத்து சார் சொன்னதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவரு யாரைத்தான் சொல்லல. போன மாசம் என் கை பரக்காவத்தி இல்லாத கைன்னாரு. அவருக்கு எங்க பரக்கத்து, அதான் அருள், அதைக்கூடச் சொல்ல வரல." அவள் ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். "ஒரு சொட்டு விழுந்திருக்கும்டி. விட்டுத் தள்ளு. இன்னைக்கும் அப்படியே வந்துச்சுன்னா அந்த மூணாம் நம்பரைத் தூக்கிக் கடாசிட்டு வேற போடு. யாரோ என்னமோ."

யாரோ என்னமோ. ரஹ்மத் நல்லவள், நல்லவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். அங்கயற்கண்ணி சிரித்து வைத்தாள், ரஹ்மத் இரண்டு டீயையும் தானே குடிப்பதாக மிரட்டிவிட்டுப் போனாள். இன்றைக்குத் தண்ணீர் புதிது, குழாய் புதிது, பிப்பெட் முனையெல்லாம் புது டப்பாவைப் பிரித்து எடுத்தது, கையுறையை ஒவ்வொரு குப்பிக்கும் மாற்றினாள். கடைசிக் குழியில் வெறும் தண்ணீர் இருக்கிறதே, அது சாட்சி. கை அசுத்தமாக இருந்தால் தண்ணீரிலும் கோடு விழும். தண்ணீர் சுத்தமாக இருந்து மூன்றாவது நார்மலில் மட்டும் மேல் கோடு நின்றால், அது கையில் இல்லை. அது உடம்பில். நேற்றும் தண்ணீர்க் குழி இருந்தது. நேற்றும் அது காலியாகத்தான் கிடந்தது. ஞானதுரை அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் "சரி சார்" சொன்னாள், அதுதான் முள்.

உடம்பில் என்றால் என்ன. ஒரு மரபணுவில் மூன்று எழுத்து, சி ஏ ஜி, சி ஏ ஜி, சி ஏ ஜி என்று திக்குகிறது. எல்லோருக்கும் கொஞ்சம் திக்கும், அது பிசகில்லை. சிலருக்குத் திக்கல் நிற்காமல் நீண்டுவிடுகிறது, நகலெடுக்கும்போது இன்னும் கொஞ்சம் நீள்கிறது, அப்பன் வழியாக இறங்கும்போது சில சமயம் இன்னுமே நீள்கிறது, ஆகவே பிள்ளைக்கு அப்பனைவிட இளவயதிலேயே வந்துவிடுகிறது. அந்த எழுத்தைப் படித்துச் செய்கிற புரதத்துக்கு ஒரே சரக்காலான வால் ஒன்று முளைக்கிறது, சரியாக மடியாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிறுமூளையில் மரம் மாதிரிக் கிளை விரித்து நிற்கும் செல்கள் அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ள மாட்டாமல் ஒவ்வொன்றாகச் சாகும். இதில் ஆண்டவன் எங்கே வந்தான், தலை எங்கே, எழுத்தாணி எங்கே? ஒரு நகலெடுக்கும் யந்திரம் வழுக்குகிறது, அவ்வளவுதான். நோயோடு போராட்டம் என்று பத்திரிகையில் எழுதுவார்கள், என்னமோ வெளியிலிருந்து படை திரட்டிக்கொண்டு வந்த மாதிரி. அந்தப் புரதம் கருவிலேயே இருந்தது. அவள் அம்மா வயிற்றுக்குள் ஒரு பயறளவு இருந்தபோதும் அது இருந்தது. அப்போது கை துடுப்பு மாதிரி இருக்கும், விரல் கிடையாது, பிறகு வேறு சில புரதங்கள் உத்தரவு போட்டு இடையிலிருக்கும் செல்களைச் சாகச் சொல்லும், அவை கச்சிதமாகச் சாகும், செத்த இடமெல்லாம் சந்தாக, மிச்சம் விரலாக. கையுறைக்குள் இருந்த விரல்களை அவள் விரித்துப் பார்த்தாள். சாவு செதுக்கியதுதான் இதுவும். உரிய இடத்தில் உரிய நேரத்தில் செத்தால் வளர்ச்சி, தவறான இடத்தில் தவறான நேரத்தில் செத்தால் நோய், இரண்டுக்கும் வெவ்வேறு கட்டடத்தில் வெவ்வேறு துறை, இரண்டு துறைத்தலைவர்களும் பத்து வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பிப்பெட் பிடிக்கும் இந்தக் கட்டைவிரல். இது எத்தனை நாளைக்கு. கேட்காதே. மூக்கைத் தொடாதே. தொட்டாள்.

நீலம் பாதி தாண்டியது. அவளுக்கு என்ன வேண்டும்? இதை மட்டும் அவள் யாரிடமும் வாதாடியதில்லை, தன்னிடமும். மேல் கோடு இல்லாவிட்டால் அவள் தப்பித்தாள். தப்பித்தவள் ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல முடியாது. அவளுக்கு இறங்கவில்லை என்றால் அப்பாவுக்கு இருந்ததா இல்லையா என்று கேட்க இனி ஒரு சொட்டு ரத்தம் பாக்கியில்லை, அவர் குடிகாரராகவே இருப்பார், துஷ்டிக்கு வந்தவர்கள் சொன்னதே கடைசித் தீர்ப்பு. மேல் கோடு இருந்தால் முத்திருளாண்டி யோக்கியர். இருந்தால் அந்த முதலாளி, அந்தச் செக்கர், பொடி விற்றவன், வாளி கழுவியவள், அத்தனை பேர் முகத்திலும் அந்தக் கோட்டை ஓங்கி அறையலாம். அறைகிற கை மட்டும் அப்புறம் ஆட ஆரம்பிக்கும். இதைவிடக் கேவலமான ஒரு பேரத்தை எந்தத் தரகனாவது கொண்டுவந்திருப்பானா? நேற்று மேல் கோட்டைக் கண்டதும் முதலில் என்ன தோன்றிற்று என்று அவள் நேர்மையாக நினைத்துப் பார்த்தாள். பயம் இரண்டாவதுதான். முதலில் வந்தது, அப்பா. பார்த்தீர்களா, என்று அவர் ஓர் ஓரமாக, சுவரில் சாய்ந்து, குழறாமல் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகுதான் பயம். அந்த வரிசையை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது தன்மேல், இரண்டு நாளில் முதல் தடவையாக. உடனே அதன்மேலும் சந்தேகம் வந்தது. செத்தவருக்குச் சாட்சி சொல்ல உயிரைக் கொடுக்கிறாளாம், என்ன ஒரு தியாகச் சுடர், வானொலியில் பேச வைக்கலாம். இல்லை. அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, அவள் விரும்பியதால் அது ஓர் எழுத்துக்கூட நீளாது. அவள் கையில் இருப்பது அந்தச் "சரி சார்" மட்டும்தான். அதைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்பது மட்டும்தான்.

நீலம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அவள் வயரைப் பிடுங்கினாள், குமிழ்கள் அடங்கின. ஜெல்லைத் தட்டில் ஏந்திக்கொண்டு, வழுக்காமல், மெதுவாக, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்துப்போகிற மாதிரி இருட்டறைக்குப் போனாள். விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினாள். பக்கத்திலிருந்த திரையில் முதலில் வெறும் சாம்பல், பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சக் கோடுகள். அவள் வேண்டுமென்றே கடைசித் தடத்திலிருந்து ஆரம்பித்தாள். தண்ணீர்: ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட சிலேட்டு. அதற்கு முன்னால் நார்மல் மூன்று. கீழே ஒன்று. மேலே ஒன்று. நேற்று நின்ற அதே உயரத்தில், யாருக்கும் பயப்படாமல்.

"வந்துச்சா?" ஞானதுரை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஸ்பியர்மிண்ட் மிட்டாய் வாசம் வந்தது. "ம்ச். மறுபடியும் அதே கதையா? என்னம்மா பண்ற நீ?"

"தண்ணி சுத்தமா இருக்கு சார். பாருங்க."

பார்த்தார். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "அப்ப கையில இல்ல. சரி, ஸ்டாக்குலயே கலந்திருக்கும். இதுக்கு எதுக்கு மண்டையை உடைச்சுக்கிட்டு. மூணாம் நம்பரைத் தூக்கிப் போட்டுரு. ரிப்போர்ட்ல காட்ட வேணாம். புதுசா ஒரு நார்மல் எடு." கிளம்பியவர் கதவருகில் திரும்பினார். "யாரைத் தேடப் போற, நீ சேர்ந்தப்ப குடுத்தியா இல்லையான்னு ஞாபகமில்ல, உன் ரத்தத்தையே குடு. நல்லா திடகாத்திரமா இருக்க, உனக்கென்ன."

"அது ஏற்கெனவே குடுத்தாச்சு சார்," என்றாள் அங்கயற்கண்ணி. "மூணாம் நம்பர்."

அவர் திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பார்வை, அவள் எதிர்பார்த்த மாதிரியே, தானாக, வெட்கமில்லாமல் கீழே இறங்கி அவள் பாதங்களுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரன், பூக்காரி, முதலாளி, எல்லோருடைய கண்ணும் இப்படித்தான் இறங்கும், அப்பா படிக்கட்டிலிருந்து கால் வைத்ததும். அவள் காலைச் சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை. சேர்த்து வைப்பதற்குப் பதிலாகக் கொஞ்சம் அகட்டி வைத்தாள், இடுப்பை மேஜை விளிம்பில் கொடுத்தாள், இரண்டு கையையும் விட்டுவிட்டு நின்றாள். தரை ஆடவில்லை. அவளும் ஆடவில்லை.

"நல்லாப் பாத்துக்கங்க சார்," என்றாள். "எங்கப்பா குடிக்க மாட்டாரு."

"உங்கப்பாவா? என்னம்மா சொல்ற, எனக்கு ஒண்ணும்..."

"அந்த மேல் கோட்டை ரிப்போர்ட்ல காட்டணும் சார். பேஷண்ட் வரிசையில. நான் சம்மதிச்சு எழுதித் தர்றேன், இந்தத் தடவை நிஜமாவே மனசு உவந்து." குரல் எங்கும் குழறவில்லை, அதையும் அவள் கவனித்துக்கொண்டாள். "அப்ப நார்மல்ல ஒண்ணு குறையுது. உங்க கையை நீட்டுங்க."

"எனக்கு சுகர் இருக்கும்மா," என்றார் ஞானதுரை. சொல்லும்போதே அவருடைய வலது கை மெல்ல நகர்ந்து கால்சட்டைப் பைக்குள் போயிற்று. திரை வெளிச்சத்தில், போகும்போது அது நடுங்கியதை அவள் பார்த்தாள்.